பூ, மீன், ரப்பர், அண்டி: வண்டி தாமதமானால் யார் காசு போகும்?

வடசேரி பார்சல் (இழை தொடக்கம்)

நாகர்கோவிலில் அப்பா காலத்திலிருந்து லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறோம். போன வாரம் ஊருக்கு வந்திருந்த என் கூட்டாளி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறவன், டீக்கடையில் வைத்து ஒரு மணி நேரம் எனக்கு வகுப்பெடுத்தான். சப்ளை செயின் என்பது எல்லாத் தொழிலுக்கும் ஒன்றுதானாம். எந்தச் சரக்கு எப்போது எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் கணக்குதானாம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரே ராத்திரியில் என் கையால் பில் போடுகிற சரக்கைச் சொல்கிறேன். திருவனந்தபுரம் போகிற தோவாளைப் பூ. குளச்சல் மீன் பெட்டி. குலசேகரத்திலிருந்து ரப்பர் ஷீட் கட்டு. மார்த்தாண்டம் பக்கத்து முந்திரிப் பருப்பு டின். மதுரையிலிருந்து வருகிற மருந்து அட்டைப்பெட்டி. எல்லாரும் "சீக்கிரம்" என்றுதான் சொல்வார்கள். பூக்காரருக்குச் சீக்கிரம் என்றால் விடியுமுன். ரப்பர்காரருக்கு இந்த வாரத்துக்குள். பருப்புக்காரர் கப்பல் தேதியைச் சொல்வார். மருந்துக்காரர் நேரத்தையே சொல்ல மாட்டார், "வெயிலில் வைக்காதே" என்று மட்டும் சொல்வார்.

அவரவர் தொழிலில் சங்கிலி எங்கே அறுகிறது, அறுந்தால் யார் பையிலிருந்து போகிறது? சொந்த அனுபவம் மட்டும் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை இங்கே கொண்டுவந்து கொட்ட வேண்டாம்.

பிச்சிக்கொத்து

தோவாளையில் கமிஷன் கடை. முதல் ஆளாக நானே வருகிறேன்.

எங்கள் பிச்சி ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர், குமாரபுரம் சுற்றுவட்டாரத்தில் பறிப்பது. மொட்டாகப் பறிக்க வேண்டும். விரிந்துவிட்டால் மாலைக்கு ஆகாது, சரக்குக்கு மதிப்பில்லை. அதனால் பறிக்கிறவர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டோடு இருட்டாகத் தோட்டத்தில் இறங்குவார்கள். விடியுமுன் சந்தை களைகட்டிவிடும். எல்லாப் பூவும் உள்ளூர் என்று நினைத்துவிடாதீர்கள். அரளி சேலத்திலிருந்து, ரோஜாவும், செண்டுமல்லி என்கிற கேந்தியும் ஓசூர், பெங்களூர் பக்கத்திலிருந்து, மல்லி மதுரை, மானாமதுரை, ராஜபாளையம் பக்கத்திலிருந்து வருகிறது. இத்தனை ஊர் வண்டியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் கேரளத்து வியாபாரி ஒரே நடையில் எல்லாம் வாங்கிக்கொண்டு போவார். அரளி வரவில்லை என்றால் அவர் பிச்சியையும் குறைத்துத்தான் வாங்குவார். இதைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்களா தெரியாது.

போன வருஷம் எனக்கு வர வேண்டிய அரளி வண்டி வழியில் டயர் வெடித்து நின்றது. வந்து சேரும்போது எட்டு மணி. சந்தையில் சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு விலைக்குப் பாதி போனது, மிச்சம் குப்பை. வண்டிக்காரருக்கு வாடகை கொடுத்தாகிவிட்டது. எனக்குக் கமிஷன் குறைந்தது, அவ்வளவுதான். முழு அடியும் அந்த விவசாயிக்கு. அவர் சேலத்தில் இருக்கிறார். டயர் வெடித்ததுகூட அவருக்குத் தெரியாது. "இன்றைக்கு விலை இல்லை" என்று போனில் கேட்டதோடு சரி.

சும்மா பார்ப்பவன்

குளிர்சாதன அறை கட்டி வைத்தால் தீராதா அண்ணாச்சி? எல்லாரும் இதைத்தானே சொல்கிறார்கள்.

பிச்சிக்கொத்து

ரோஜாவுக்குச் சரி, கேந்திக்கும் சரி. பிச்சியைக் குளிரில் வைத்து வெளியே எடுத்துப் பாருங்கள், எங்கள் அனுபவத்தில் கொஞ்ச நேரத்திலேயே இதழ் ஓரம் பழுப்பாகிவிடுகிறது. கல்யாணப் பெண் தலையில் அதை வைப்பார்களா?

இன்னொன்றும் இருக்கிறது. அறை சரக்கைத்தான் காப்பாற்றும், கிராக்கியைக் காப்பாற்றாது. 2018 ஓணம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம், அரசு ஓணக் கொண்டாட்டத்தையே ரத்து செய்தது. அத்தப்பூக் கோலத்துக்கென்று நாங்கள் பேசி வைத்திருந்த சரக்கை அன்றைக்கு எந்த அறையில் வைத்திருந்தாலும் வாங்க ஆள் இல்லை.

அலைவாய்க்கரை

மீன் பக்கம் நான். அப்பா விசைப்படகில் போனவர், நான் கரையில் ஏலம், கணக்கு பார்க்கிறேன்.

வெளியூர்க்காரர்கள் நம்பாத ஒரு விஷயம்: நம் ஒரே மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் பாதியில் இரண்டு பக்கமும் விசைப்படகு கட்டிப் போட்டிருக்கும். நாட்டுப்படகு வள்ளக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன்.

ஆனால் எங்களுக்குத் தலைவலி தடைக்காலத்தில் இல்லை, தடை முடிகிற வாரத்தில். இரண்டு மாதம் சும்மா கிடந்த ஐஸ் கம்பெனி அன்றைக்குத்தான் முழு மூச்சில் ஓட்டும். எல்லாப் படகும் ஒரே நாளில் ஐஸ் கேட்கும். ஐஸ் பார்களை இயந்திரத்தில் போட்டு உடைத்துப் படகில் கொட்டும் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்கும். ஒரு கிலோ மீனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஐஸ் என்பது எங்கள் கைக்கணக்கு. வெயில் என்றால் அதற்கும் மேலே. ஐஸ் கிடைக்காத படகு ஒரு நாள் தாமதமாகக் கிளம்பும். அப்புறம் கிளம்பின எல்லாரும் ஒன்றாகக் கரை திரும்புவார்கள். கணவாய் மீன் குவியும், ஏலத்தில் விலை சரியும். ரெண்டு மாதம் காத்திருந்து பிடித்த மீனுக்கு அன்றைக்குத்தான் குறைந்த விலை.

தூத்தூர்க்காரர்கள் கதை வேறு. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா, சூரை பிடித்துவிட்டுப் பெரும்பாலும் கொச்சியில்தான் இறக்குகிறார்கள். படகு நம் ஊருடையது, ஆள் நம் ஊர், வியாபாரம் கொச்சியில். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலின்போது அப்படிக் கடலுக்குள் இருந்தவர்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. அதை இங்கே நீட்ட விரும்பவில்லை. ஆனால் சங்கிலி என்றால் சரக்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

ஸ்ரீபெரும்புதூர் ஷிப்ட்

டீக்கடையில் வகுப்பெடுத்தவன் நான்தான். இழையை இப்போதுதான் பார்த்தேன். எடே, நான் சொன்னதில் பாதியை மட்டும் எழுதியிருக்கிறாய்.

எங்கள் கதையையும் கேளுங்கள். ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகம். அதில் ஒரு சிறு சிப் இல்லை என்றால் வண்டி வெளியே போகாது. 2011 மார்ச்சில் ஜப்பான் நிலநடுக்கத்தில் ரெனேசாஸ் கம்பெனியின் நாகா ஆலை நின்றுபோனது. உலகம் முழுக்கக் கார் ஆலைகள் திண்டாடின. சரி, பாடம் படித்தார்கள் என்று நினைத்தோம். 2021 மார்ச்சில் அதே ஆலையில் தீ. ஏற்கெனவே கோவிட் சிப் பஞ்சம் வேறு. ஒரு லைனில் எல்லாம் மாட்டி முடித்த வண்டிகள், ஒரு பாகத்துக்காக வெயிலில் வரிசையாக நின்றதை நானே பார்த்தேன். அரளி வராததால் பிச்சியும் நின்றது என்று அண்ணாச்சி சொன்னாரே, அதேதான். பெயர் மட்டும் வேறு.

அப்புறம் சாட்டை விளைவு என்று ஒன்று சொல்வார்கள். சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி பத்தடி துள்ளும் அல்லவா? கடைக்காரர் பத்து கேட்பார், தரகர் "தட்டுப்பாடு வரும்போல" என்று பதினைந்து கேட்பார், மொத்த வியாபாரி இருபத்தைந்து. கடைசியில் இருப்பவன் ஐம்பதுக்கு விதைப்பான். ஓணத்துக்கு முன் தோவாளையில் நடப்பது இதுதானா இல்லையா?

பிச்சிக்கொத்து

நடக்கும். ஒரே ஆள் மூன்று கடையில் சொல்லி வைப்பார். எங்கே முதலில் கிடைக்கிறதோ அங்கே எடுத்துவிட்டு மற்ற இருவரின் போனை எடுக்க மாட்டார்.

கருங்கல் அக்கா

நான் அண்டி ஆபீஸில் பதினெட்டு வருஷம். முதலில் உடைப்பு, அப்புறம் தோல் உரிப்பு, இப்போது தரம் பிரிப்பு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரித் தொழிற்சாலையை இங்கே எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஆபீஸ் என்றதும் மின்விசிறி, நாற்காலி என்று நினைத்துவிடக் கூடாது.

உள்ளூர் அண்டி, அதாவது தோலோடு இருக்கிற முந்திரிக்கொட்டை, எங்களுக்குக் கொஞ்ச நாளுக்குக்கூடப் போதாது. ஐவரி கோஸ்ட், பெனின், கினி-பிசாவ், தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை வருகிறது. அங்கே மேற்குப் பக்கம் அறுவடை வருஷத் தொடக்கத்திலிருந்து ஜூன் வரை, தான்சானியாவில் வருஷக் கடைசியில். முதலாளி அந்தச் சமயத்தில் வாங்கினால்தான் உண்டு. வங்கியில் கடன் எடுத்து, மாதக்கணக்கில் ஓட்டுகிற சரக்கை ஒரேயடியாக வாங்கிப் போடுவார். வட்டி அன்றைக்கே ஓட ஆரம்பிக்கும். மூட்டை வந்ததும் ஒரு கிலோ எடுத்து எண்ணி, பாதியாக வெட்டிப் பார்ப்பார்கள். எத்தனை சொத்தை, எத்தனை சூம்பல், நல்ல பருப்பு எவ்வளவு தேறும் என்று. சரக்கு கப்பலில் கூடுதல் நாள் கிடந்து ஈரம் பட்டிருந்தால் அந்த மேசையிலேயே தெரிந்துவிடும். பேசின விலைக்கும் தேறின பருப்புக்கும் சம்பந்தமே இருக்காது.

டபிள்யூ 320 என்று டின்னில் போட்டிருப்பார்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 320 முழுப் பருப்பு என்று அர்த்தம். ஒரு பருப்பு உடைந்தால் அது வேறு டின், வேறு விலை. அதனால்தான் உடைப்பில் இருப்பவர்கள் கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டுவார்கள். சாம்பல் இல்லாவிட்டால் அண்டித் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரலைத் தின்றுவிடும். எனக்கு உடைப்பை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது, பெருவிரல் கறை இன்னும் முழுசாகப் போகவில்லை.

யார் காசு போகும் என்று கேட்டீர்கள். கப்பல் தாமதம் என்றால் முதலாளிக்கு வட்டி. எங்களுக்கு வேலையே இல்லை. எங்கள் கூலி கிலோ கணக்கு, அண்டி இல்லாத நாளில் கிலோ எங்கே இருக்கிறது? "அடுத்த வாரம் கூப்பிடுகிறோம்" என்பார்கள். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு பருப்பு டின் ஐரோப்பாவுக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது, நாட்கணக்கு கூடியது. போன சரக்குக்குப் பணம் வரவில்லை, அதனால் அடுத்த அண்டி வாங்கவில்லை என்றார் எங்கள் மேஸ்திரி. செங்கடல் எங்கே இருக்கிறது என்று என் மகனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சும்மா பார்ப்பவன்

அக்கா, இதைப் படித்துவிட்டு எதிர்க் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். வியட்நாம்தானே இப்போது பருப்பு ஏற்றுமதியில் முதலில்? அவர்கள் இயந்திரம் வைத்து உடைக்கிறார்கள். இது கப்பல் பிரச்சினையா, விலை பிரச்சினையா?

கருங்கல் அக்கா

இரண்டும்தான் தம்பி. இங்கேயும் இயந்திரம் வந்திருக்கிறது. ஆனால் கப்பல் தாமதமானால் இயந்திரத்துக்குப் பசிக்காது.

குலசேகரம் பால்வெட்டு

ரப்பரை விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஷீட்டை அடித்து, புகை போட்டுக் காயவைத்துவிட்டால் அது மாதக்கணக்கில் கிடக்கும். அந்த வகையில் பூவையும் மீனையும்விட நாங்கள் பாக்கியவான்கள். ஆனால் மரம் கிடக்காது. விடியற்காலையில் வெட்ட வேண்டும், சிரட்டை நிறைந்ததும் பாலை எடுக்க வேண்டும். வைத்திருந்தால் தானாகவே உறையும். பாலாகவே விற்பவர்கள் அமோனியா ஊற்றி வைப்பார்கள், ஷீட் அடிப்பவர்கள் ஆசிட் ஊற்றித் தட்டில் உறைய வைப்பார்கள். மழை பெய்தால் வெட்டே இல்லை. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு மழையும் தலையில். மழைத்தடுப்புக்கு மரத்தில் பிளாஸ்டிக் பாவாடை கட்டலாம், அதற்கும் பசை, கூலி, நேரம். தை, மாசியில் இலை உதிரும்போது வெட்டை நிறுத்திவிடுவோம்.

விலை தினமும் கோட்டயத்தில் எழுதப்படும். 2011-இல் கிலோ 240 ரூபாயை ஒட்டிப் போனது. அப்புறம் பல வருஷம் பாதிக்குக் கீழே. 2024 ஆகஸ்டில் திரும்பவும் 240-ஐத் தாண்டியது. ஏன் தெரியுமா? கப்பலும் கண்டெய்னரும் கிடைக்காமல் வெளிநாட்டு ரப்பர் டயர் கம்பெனிகளுக்கு வந்து சேரவில்லை. அவர்கள் சங்கிலி அறுந்ததால் எங்களுக்கு விலை. சந்தோஷப்படலாம்தான். ஆனால் அதே சமயம் இங்கே மழை. நான் அந்த மாதம் வெட்டிய நாட்களை எண்ணினால் இரண்டு கை விரலுக்குள் அடங்கும். விலை உச்சத்தில் இருக்கும்போது புகைக்கூட்டில் ஷீட் இல்லை. ஏற்கெனவே வாங்கி அடுக்கி வைத்திருந்த வியாபாரிக்குத்தான் அடித்தது யோகம்.

எனக்குத் தெரிந்து இந்த இழையில் காத்திருந்து லாபம் பார்க்கிற ஒரே ஆள் குடோன் வைத்திருப்பவர்தான்.

மருந்துச்சீட்டு

மொத்த மருந்து விநியோகம், நாகர்கோவில். குடோன் வைத்திருப்பவன் என்றதும் பதில் சொல்லத் தோன்றியது. எங்கள் குடோனில் காத்திருந்தால் லாபம் இல்லை, காலாவதிதான்.

இன்சுலினும் பல தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எல்லாரும் சூட்டுக்குப் பயப்படுவார்கள். உறைந்தாலும் கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒருமுறை நல்லெண்ணத்தில் ஒரு பையன் இன்சுலின் பெட்டிக்குள் ஐஸ் பேக்கை நேராக மருந்தின் மேலேயே அடுக்கி அனுப்பியிருந்தான். பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு பெட்டி முழுக்கத் தள்ளி வைத்தோம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நெல்லை, தூத்துக்குடி வழியெல்லாம் தண்ணீர், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. எங்களுக்கு வடக்கிலிருந்து வருகிற சரக்கெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும். டயாலிசிஸ் சாமான் கேட்டு ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து மணிக்கு ஒரு போன். கடைசியில் திருவனந்தபுரத்திலிருந்து வாங்கினோம், கூடுதல் விலைக்கு. அன்றைக்கு மேற்கு வாசல் ஒன்று இருந்ததால் தப்பித்தோம்.

ஸ்ரீபெரும்புதூர் ஷிப்ட்

இதைத்தான் நாங்கள் இரண்டாவது சப்ளையர் என்போம். எப்போதும் கொஞ்சம் அங்கேயும் வாங்கிக்கொண்டிருந்தால்தான் அவசரத்துக்கு முகம் கொடுப்பான்.

மருந்துச்சீட்டு

கொஞ்சம் அங்கேயும் வாங்கினால் இங்கே தள்ளுபடி போய்விடும். அதுதான் கணக்கு.

சும்மா பார்ப்பவன்

மேற்கு வாசல் என்றதும் ஞாபகம் வந்தது. கேரளத்து விழிஞம் துறைமுகம்தான் வந்தாயிற்றே. 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல், 2025 மே 2-ஆம் தேதி முறைப்படி திறந்தாயிற்று. எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து கூப்பிடு தூரம். இனி அண்டியும் பருப்பும் அங்கே போகலாமே? தூத்துக்குடி ஏன்?

வடசேரி பார்சல்

மக்கா, அது பெரிய கப்பலிலிருந்து சின்னக் கப்பலுக்குப் பெட்டி மாற்றுவதற்கென்று எழுப்பின துறைமுகம். அங்கே பெட்டி நிற்பதும் நம் லாரி கேட்டுக்குள் போய்ச் சரக்கு இறக்குவதும் ஒன்றல்ல. சுங்கம், ஏஜென்ட், காலிப் பெட்டி கிடைக்கும் இடம் எல்லாம் இத்தனை வருஷமாகத் தூத்துக்குடியில் வேர்விட்டிருக்கிறது. பருப்புக்காரர் துறைமுகத்தைத் தேடிப் போவதில்லை, காலிக் கண்டெய்னர் எங்கே இருக்கிறதோ அங்கே போகிறார்.

களியக்காவிளை கூப்பிடு தூரம் என்று வரைபடம் பார்த்துச் சொல்கிறீர்கள். மார்த்தாண்டம், குழித்துறை வழியாகச் சாயங்காலம் ஒரு லோடு வண்டியோடு வாருங்கள். மேம்பாலம் வந்தபிறகு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் இறங்கின இடத்தில் திரும்ப நிற்போம். அதுவும் கல் லாரிகள் வரிசையாகக் கேரளம் போகிற நேரத்தில் மாட்டினால் பூக்காரர் போனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

அலைவாய்க்கரை

பூக்காரர் போனுக்குப் பதில் சொல்வது இருக்கட்டும். போன லாரி திரும்பி வரும்போது என்ன ஏற்றுகிறது?

வடசேரி பார்சல்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பெரும்பாலும் காலி. இந்த மாவட்டத்திலிருந்து கேரளம் போகிற வண்டி நிறைந்து போகிறது, வரும்போது காற்றை ஏற்றிக்கொண்டு வருகிறது. காலி நடைக்கும் டீசல் உண்டு, அது போகிற வாடகையில் ஒளிந்திருக்கிறது. பூ நசுங்கும் என்று மேலே எதுவும் அடுக்க விட மாட்டார்கள், மீன் ஏற்றின வண்டியில் வேறு எதுவும் ஏற்ற முடியாது. ஷீட் கட்டு மட்டும்தான் எதோடும் ஒத்துப்போகும். ஏத்தன், மட்டி வாழைக்குலை ஏற்றுகிற சீசனில்தான் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது.

ஸ்ரீபெரும்புதூர் ஷிப்ட்

இவ்வளவும் படித்தபிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தொழிலில் சரக்கைக் கையிருப்பில் வைக்காமல் வேலை பார்ப்பதைப் பெரிய சாதனையாகச் சொல்வோம். ஆனால் எங்கள் கேட்டுக்கு வெளியே நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்னப் பட்டறைக்காரர் அந்தச் சரக்கைத் தன் காசில் அடுக்கி வைத்திருப்பார். சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குள் அவருக்குப் பணம் வர வேண்டும். அவரிடம் கேட்டால் சிரிப்பார். கையிருப்பு ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது.

கருங்கல் அக்கா

அதைத்தானே நானும் சொன்னேன், கொஞ்சம் நீளமாக.

வடசேரி பார்சல்

நல்ல வேளை, டீக்கடைக் காசை நான் கொடுக்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை. பில்லில் நான் இப்போது எடை, கட்டு எண்ணிக்கை, வாடகை மட்டும் எழுதுகிறேன். இனி பூவுக்கு மட்டுமாவது சேர வேண்டிய மணியையும் எழுதி, அதற்கு மேல் போனால் வாடகையில் இவ்வளவு குறையும் என்று போடலாமா என்று பார்க்கிறேன். நூறு ரூபாய் குறைந்தாலும் டிரைவர் வழியில் நிறுத்திச் சாப்பிடுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிப்பார். பிச்சிக்கொத்து அண்ணாச்சி, அந்தக் குறைந்த காசு விவசாயிக்குப் போகிற மாதிரி உங்கள் சிட்டையில் எழுதுவீர்களா, இல்லை உங்கள் கல்லாவிலேயே நின்றுவிடுமா?

பிச்சிக்கொத்து

எழுதுகிறேன். ஆனால் டயர் வெடித்தால்?

வடசேரி பார்சல்

டயர் வெடித்தால் பாதிப் பாதி.

பிச்சிக்கொத்து

யாரும் யாரும் பாதி என்று முதலில் சொல்லும். சேலம் வண்டி காவல்கிணறு தாண்டிவிட்டது என்று இப்போதுதான் போன் வந்தது, இறக்கிவிட்டு வருகிறேன்.